ஒன்பதாம் எண் சாப்பிட்டாரா?

இந்த மாதிரி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் முழங்கால் வலியும் நிறைய நேரமும் இருக்கும். என்னிடம் இரண்டும் இல்லை. வயது முப்பத்தொன்று. ஆனால் வருகிற திங்கட்கிழமை முதல் இந்த ஆய்வுக்கூடத்தின் சாவி என்னிடம் இருக்காது, கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போகிறேன். ஆக, இந்த மேசையைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான். புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் புத்திமதி சொல்ல இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்காது.

இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. எந்த சுவிட்சைத் தொடலாம், எதைத் தொட்டால் மேடம் கத்துவார், சென்ட்ரிஃப்யூஜ் ஆடினால் என்ன செய்ய வேண்டும் எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எண் போட்டு, முக்கியமானதற்கு அடிக்கோடு போட்டு ஒட்டியிருக்கிறேன். அதில் போட முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒட்ட முடியாததற்குக் காரணம், அது ஒரு விதி இல்லை. அது ஒரு மாமா.

மாமா வருவதற்கு முன் நம் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கேட்பார்கள், நீங்களும் திணறுவீர்கள். நான் சொல்லும் பதில் இது. கம்பத்துப் பன்னீர் திராட்சையில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் தோலைச் சுட்டுக் கரியாக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக்குகிறோம். அந்தக் கரித்துகள் ஒருநாள் உடம்புக்குள் மருந்தைச் சுமந்து போகலாம். ஆனால் ரத்தத்துக்குள் போன துகள் தனியாகப் பயணம் செய்வதில்லை. ரத்தத்தில் இருக்கிற புரதங்கள் வந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டு ஒரு சட்டை போட்டுவிடுகின்றன. கல்லீரலோ மற்ற உறுப்புகளோ நம்முடைய கரியைப் பார்ப்பதே இல்லை. சட்டையைத்தான் பார்க்கின்றன. 'இவனை உள்ளே விடலாமா, விழுங்கலாமா, துரத்தலாமா' என்று அந்தச் சட்டையை வைத்தே முடிவு செய்கின்றன.

யார் வந்து ஒட்டுவார்கள்? தேனி பஸ் ஸ்டாண்டில் கம்பம் பஸ் வந்து நிற்பதைப் பாருங்கள். நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், ஒரு தடவை நான் ஒரு பூசணிக்காய் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். முதலில் சீட்டைப் பிடிப்பது கூட்டத்தில் அதிகம் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் வீரபாண்டியில் இறங்கிவிடுவார்கள். சின்னமனூர் தாண்டியபின் சீட்டில் இருப்பவர்கள் வேறு ஆட்கள். கடைசி நிறுத்தம்வரை போகிறவர்கள், மூட்டையும் பிடிவாதமும் உள்ளவர்கள். ரத்தத்திலும் அதே கதை. முதலில் ஒட்டுவது எண்ணிக்கையில் பெருத்த ஆல்புமின். கொஞ்ச நேரத்தில் அதை எழுப்பி விட்டுவிட்டு, துகளோடு உண்மையான பிடிப்பு உள்ள புரதங்கள் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பதுதான் நம் பிழைப்பு.

நஸ்ரின் பார்த்ததும் அதைத்தான்.

நஸ்ரினை உங்களுக்குத் தெரியாது. ஜன்னலோர மேசை அவளுடையது. உத்தமபாளையத்துக்காரி. என்னோடு ஒன்றாகச் சேர்ந்தவள், என்னைவிட வேகமாகப் பேசுபவள், என்னைவிட மெதுவாக எழுதுபவள். அதனால்தான் அவளுடைய ஆய்வேடு இழுத்துக்கொண்டே போனது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பும் அந்த வருடம் டிசம்பரோடு முடிந்தது. அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து. "மறுபடி மொதல்லேருந்துன்னா நான் மாட்டுத்தீவனக் கடை வச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நிஜமாகவே மாட்டுத்தீவனக் கடை இருந்ததால் அது வெறும் மிரட்டலாக எனக்குத் தோன்றவில்லை.

கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு மனித சீரம் வேண்டும். சீரம் என்றால் ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர். அதில் கரித்துகளை ஊறவைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிரித்து, ஒட்டிய புரதங்களைக் கழற்றி ஜெல்லில் ஓடவிட்டால் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாகத் தெரியும். விலைக்கு வாங்கிய சீரத்தில் ஏற்கெனவே செய்து பார்த்தாகிவிட்டது. நிஜ மனிதர்களின் புதுச் சீரத்திலும் பார்க்க வேண்டும் என்றார் மேடம். நெறிமுறைக் குழுவிடம் அனுமதியும் வாங்கிக் கொடுத்தார். ஆரோக்கியமான பன்னிரண்டு பேர் வேண்டும். நஸ்ரின் யோசிக்கவே இல்லை. தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் கரி சுடத் தெரிந்தவர்கள். ரத்தம் எங்களுக்குப் புதிது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா, சாப்பிட்டபின் எடுக்க வேண்டுமா என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நஸ்ரினின் அம்மாவைத் தாண்டிப் போயிருக்க முடியாது. "வந்தவுகளுக்கு ஒரு வாய் சோறு போடாம ஊசி குத்துவீகளோ? நல்லாருக்கு ஒங்க படிப்பு" என்று கேட்டுவிட்டு அவர் நெய்ச்சோறும் ஆட்டுக்கறி போட்ட தால்சாவும் ஆக்கி இறக்கினார். ரத்தம் எடுக்க வேண்டியவர் கம்பத்திலிருந்து வரத் தாமதமாயிற்று. அதுவரை எல்லோரும் சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், யார் வீட்டுப் பையன் யாரோடு பேசுவதில்லை என்பதை அலசினார்கள். மத்தியானம் சாய்ந்தபின் வரிசையாகக் கையை நீட்டினார்கள். நானும் சாப்பிட்டேன். அந்த நெய்ச்சோற்றைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பதைத் தவிர.

முடிவு வந்தது. பார்த்ததும் நஸ்ரின் ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றாள். கொழுப்பைச் சுமந்து திரியும் புரதங்கள் சில உண்டு. விலைக்கு வாங்கிய சீரத்தில் அவற்றின் கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று கேட்கும்படி இருந்தது. எங்கள் சீரத்தில் மையிட்டது மாதிரி இருந்தது. பன்னிரண்டில் பதினொன்றில்.

"பாத்தியாடி! திராட்சைத் தோல் கரிக்குக் கொழுப்புப் புரதம்னா உசுரு! கடைச் சீரம் பழசு, அதான் தெரியல. நம்ம ஊர் ரத்தம்னா சும்மாவா?"

நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த தவறு. வேறு எந்த ஊரில் இருந்தாலும் யாராவது ஒருவர் சந்தேகப்பட்டிருப்பார். நாங்கள் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். எங்கள் ரத்தம் தனி ரகம் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு ஆதாரமே தேவைப்படாது. ஒரு வாரம் அந்தப் பெருமையில் திரிந்தோம். நஸ்ரின் அத்தியாயத்துக்குத் தலைப்பே வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் எண் மட்டும் ஒத்துவரவில்லை. அந்தச் சீரத்தில் கோடு மங்கலாகவே இருந்தது, கடைச் சீரம் மாதிரி. நான் திரும்பச் செய்தேன். மங்கல். இன்னொரு முறை. மங்கல்.

யாருடைய எண் எது என்பது ஆய்வுக்குழுவுக்கு வெளியே போகக் கூடாது. ஆகவே இங்கேயும் அவர் ஒன்பதாம் எண்தான். தேவாரத்தில் இருக்கும் நஸ்ரினின் தாய்மாமா என்பது மட்டும் போதும். இதற்குமேல் நான் சொல்லாமலே போகலாம், கடைசியில் அவரே சொல்லிவிடுவார்.

"அவரத் தூக்கிருவோம்" என்றாள் நஸ்ரின். விரலை மடக்கிக் காரணம் சொன்னாள். குழாய் பஸ்ஸில் குலுங்கியிருக்கும். வயதில் மூத்தவர். மூன்றாவது விரலை மடக்கி, "மாமாவே எதுலயும் சேராத ஆளு, அவுக ரத்தம் மட்டும் சேருமா?" என்றாள்.

மேடத்திடம் போனோம். அவர் ஜெல் படத்தை நெடுநேரம் பார்த்தார். "ஒன்பதை எடுத்துட்டா அத்தியாயம் ரொம்ப அழகா இருக்கும்" என்றார். நஸ்ரினின் முகம் மலர்ந்தது. "அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று முடித்தார். நஸ்ரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் தேதி எனக்கும் தெரியும்மா. எடுக்கணும்னா எடு. ஆனா ஏன் எடுத்தேன்னு ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரி என்னன்னு எனக்குச் சொல்லு" என்றார்.

அந்த ஒரு வரியை நாங்கள் அன்று மாலைவரை எழுதிப் பார்த்தோம். 'மாமாவே அப்படித்தான்' என்பதை அறிவியல் மொழியில் எழுத முடியவில்லை.

நான் எழுந்து போய் மிச்சமிருந்த சீரக் குழாய்களை எடுத்துவந்தேன். பழுப்புக் குழாய்களில் வைத்திருந்ததால் இதுவரை யாரும் உள்ளே சரியாகப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, செய்தித்தாளின் மேல் வரிசையாக நிறுத்தினேன். பதினொரு குப்பிகளில் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கல். அடியிலிருந்த எழுத்து தெரியவில்லை. ஒன்பதாம் குப்பி வழியாக ஏலக்காய் விலை தெளிவாகத் தெரிந்தது.

"மத்ததெல்லாம் கெட்டுப்போச்சா?" என்றாள் நஸ்ரின், குரல் இறங்கி.

"கெட்டுப்போனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கெடும். இது பதினொண்ணும் ஒரே மாதிரி இருக்கு. அன்னிக்கு அவங்க என்னென்ன செஞ்சாங்க, வரிசையாச் சொல்லு."

"என்ன செஞ்சாக? வந்தாக. சாப்பிட்டாக. கதை பேசினாக. ரத்தம் குடுத்தாக."

நாங்கள் இருவரும் அந்த இரண்டாவது வார்த்தையில் நின்றோம். நெய்ச்சோறு. நெய், ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து ரத்தத்தில் கொழுப்பு மிதக்கும், அதைச் சுமக்கிற புரதங்களும் கூட்டமாகத் திரியும். நாம் கரியைப் போட்டால் அவை வந்து உட்காராமல் என்ன செய்யும்? அன்றைக்குப் பஸ்ஸில் ஏறியது கல்யாணக் கூட்டம். சீட்டெல்லாம் அவர்களே இருந்ததைப் பார்த்து, இந்தப் பஸ்ஸுக்குக் கல்யாண வீட்டார் என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறோம்.

"அப்ப மாமா?" என்றேன்.

"மாமா எங்க வீட்டுல கை நனைக்க மாட்டாக. ரெண்டு வருசமாச்சு. எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அவுகளுக்கு வாட்ஸ்அப்லதான் பத்திரிகை போச்சு. நேர்ல வச்சு அழைக்கல. அன்னிலேருந்து நல்லது கெட்டது எல்லாத்துக்கும் வருவாக, முன்னாடி உக்காருவாக, சாப்பாடுன்னா மட்டும் 'வரும்போதே சாப்புட்டேன்'னுருவாக."

"அப்ப வீட்டுல சாப்பிட்டிருப்பாரு. என்ன சாப்பிட்டாரு?"

"அது மாமிக்குத்தான் தெரியும்."

மாமியின் போன் அரிசி டிரம் மேல் சார்ஜில் கிடக்குமாம், யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாராம். மறுநாளே தேவாரத்துக்குப் பஸ் ஏறினோம். கவனியுங்கள்: பதிவு முடிய மாதம்கூட இல்லை, அத்தியாயம் கையிலேயே நொறுங்கிக்கொண்டிருக்கிறது, நாங்கள் இருவரும் ஒரு மனிதர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்கப் போய்க்கொண்டிருக்கிறோம். நஸ்ரின் வழியெல்லாம் டிசம்பரில் மிச்சமிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். அது அவளுக்கு வழக்கமில்லை.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன அல்லிநகரம், இன்னும் ரத்தம் பத்தலையா?" என்றார். என் பேர் அவருக்குத் தெரியும். ஆனால் ஆட்களை ஊரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவருக்குப் பிடிக்கும்.

"இல்ல மாமா. ஒரே ஒரு கேள்வி. அன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டுட்டு வந்தீங்க?"

"சாப்புட்டேன். அதுக்கென்ன?"

டீயோடு வந்த மாமி சிரித்தார். "காலைல எங்கன சாப்புட்டாக? அங்கன விருந்து இருக்குன்னு நான் அடுப்பே பத்த வைக்கல. ஒங்கம்மா வீட்டு நெய்ச்சோறு, ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டேன்னு வந்து சொன்னாகளே!"

தங்கச்சி வீட்டில் சொன்ன பொய்யும் தன் வீட்டில் சொன்ன பொய்யும் அந்த வாசலில் முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டன. மாமா டீயை ஊதினார். அது அவ்வளவு சூடாக இல்லை.

"அப்ப அன்னிக்கு முழுக்க வெறும் வயிறா?" மாமியின் சிரிப்பு போய்விட்டது. "ரத்தத்த வேற குடுத்துட்டு?"

"பஸ் ஸ்டாண்டுல பரோட்டா சாப்புட்டேன்" என்றார் மாமா, என்னைப் பார்த்து. "ரத்தம் குடுத்த பெறகு." அன்று ரத்தம் கொடுத்தபின் அவர் தூணில் சாய்ந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. கம்பீரமாக நிற்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"இப்ப அதுனால என்ன? நான் சாப்பிடாததுல ஒங்க படிப்பு கெட்டுப்போச்சாக்கும்?"

"மாமா, நீங்க சாப்பிடாததுனாலதான் கெடாம இருக்கு" என்றேன். முழுவதையும் விளக்கினேன். பஸ், துண்டு, கல்யாணக் கூட்டம் எல்லாம். அவர் கூர்ந்து கேட்டார். பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். மாமி கேட்டுக்கொள்ளவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தமாக உள்ளே போனார்.

இனி செய்ய வேண்டியது தெளிவு. மற்ற பதினொரு பேரிடமும் வெறும் வயிற்றில் ஒருமுறை எடுக்க வேண்டும். பிறகு மாமாவோடு சேர்த்து எல்லோரிடமும் சாப்பிட்டபின் ஒருமுறை. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே கைப்பக்குவம், ஒரே அளவு, ஒரே இடைவெளி. தேவைப்பட்டால் மறுபடியும் எடுக்கலாம் என்று முதல் விண்ணப்பத்திலேயே அனுமதி கேட்டு வைத்திருந்தோம். அதில் 'தேவைப்பட்டால்' என்ற சொல்லைச் சேர்த்தது நான். அந்தப் பெருமையை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

"அதே நெய்ச்சோறா?" என்றார் மாமா. "அப்பப் பார்சல் கட்டிக் கொண்டாங்க. இங்கனயே சாப்புட்டுக் கைய நீட்டுறேன்."

நஸ்ரின் உடனே, "பார்சல் ஆகாது மாமா. ஆறிப்போனாச் சோறே மாறிப்போகும், ரிசல்ட்டு தப்பா வந்துரும். வீட்டுக்கு வந்துதான் சாப்புடணும்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவள் அம்மா ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோவதை அவள் பார்த்திருக்கிறாள். நான் சும்மா இருந்தால் போதும். ஆனால் கையை நீட்டுகிறவரிடம் பொய் சொல்லி ரத்தம் எடுத்தால், பிறகு அந்தக் கோட்டைப் பார்க்க எனக்கு முகம் இருக்காது.

"பார்சலே போதும் மாமா. ஒண்ணும் மாறாது" என்றேன்.

நஸ்ரின் என்னைப் பார்த்த பார்வையைச் சுவரில் ஒட்ட முடியும் என்றால் ஒட்டியிருப்பேன். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்லிநகரம் சொல்லிருச்சுல்ல. பார்சலே கொண்டாங்க" என்றார்.

உத்தமபாளையத்தில் நஸ்ரினின் அம்மாவிடம் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பார்சலா" என்று மட்டும் கேட்டார். பிறகு, "கையெழுத்துப் போடுற பேப்பருன்னு ஒண்ணு குடுப்பீகளே, அது மறுபடி போடணுமா?" என்றார்.

"போடணும்மா. ரெண்டாவது தடவைங்கறதால புதுசாப் போடணும்."

"அதையும் போன்லதான் அனுப்புவீகளோ?"

அவர் உள்ளே போய் ஒரு பித்தளைத் தட்டு எடுத்துவந்தார். கற்கண்டு, வாழைப்பழம், ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை. நடுவில் அந்தச் சம்மதப் படிவத்தை மடிக்காமல் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஆட்டோ சொல்லு" என்றார்.

தேவாரத்து வாசலில் மாமா ஒருவருக்காக எழுந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். "அண்ணே, பிள்ளைக்கு ஒங்க கையெழுத்து வேணுமாம். ஞாயித்துக்கெழம நீங்களும் மைனியும் வரணும்." கல்யாணத்தைப் பற்றியோ போனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

மாமா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தார். நான் பார்த்தவரையில் அதை முழுவதும் படித்த ஒரே மனிதர் அவர். ஓரிடத்தில் நின்று சத்தமாகப் படித்தார்: "'பங்கேற்பவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.' இது நல்லாருக்கே. இத கல்யாணப் பத்திரிகையிலயும் போடலாம்ல?"

"போடலாம்ணே" என்றார் அம்மா. "ஆனா எங்க போகப்போறீக?"

மாமா கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு பேர் பசியோடு கூடத்தில் உட்கார்ந்திருக்க, அடுப்பில் நெய் மணத்தது. ஒரு சித்தப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா, இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டார். தன் வீட்டில் இத்தனை பேர் பட்டினி கிடப்பதைத் தெரு பார்க்கக் கூடாதாம். முதல் ஊசி முடிந்ததும் சாப்பாடு. ஒரு கிண்ணத்தை வைத்து எல்லோர் தட்டிலும் ஒரே அளவு சோற்றைப் போட்டது நான். "இதுக்கு மேல யாருக்கும் ஒரு பருக்கை கூடக் கூடாது" என்று அறிவித்துவிட்டு, குழாய்களுக்கு எண் ஒட்ட உள்ளறைக்குப் போனேன்.

மாமா மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாராம். சாயங்காலம் முதல் ஆளாகக் கையை நீட்டினார். ஊசி உள்ளே இருக்கும்போது என்னிடம் குனிந்து சொன்னார்: "சாப்புட்டேன்னு எழுதிக்க அல்லிநகரம். ஆனா இன்ன வீட்டுலன்னு எழுதாத."

எழுதவில்லை.

கோடுகள் பொய் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் எல்லோருக்கும் மங்கல், மாமாவின் பழைய சீரம் மாதிரியே. சாப்பிட்டபின் எல்லோருக்கும் பளிச், மாமாவுக்கும். திராட்சைத் தோல் கரிக்கு யார்மீதும் தனிப் பிரியம் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கு ரத்தமும் மற்ற ஊர் ரத்தம் மாதிரி ரத்தம்தான். துகள் போடும் சட்டை, அந்த மனிதர் கடைசியாக எங்கே என்ன சாப்பிட்டார் என்பதையும் பொறுத்தது. நஸ்ரின் தலைப்பை அடித்துவிட்டு அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினாள். பிரியமாக வைத்த தலைப்பு, கொஞ்சம் அழுதாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக எழுதினாள். ஆய்வேடு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக யாரும் வருவதில்லை. நஸ்ரினுக்கு உத்தமபாளையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. கடைசி வரிசை முழுவதும் அவர்கள்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான மனிதர். கடைசியான நான்காம் அத்தியாயம் வந்ததும் பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்தினார்.

"எல்லாரும் ஒரே உணவு சாப்பிட்டதா எழுதியிருக்கீங்க. எல்லாருக்கும் சாப்பிட்ட இடம் போட்டிருக்கு. ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் இடம் காலியா இருக்கு. அவர் அதே உணவைத்தான் சாப்பிட்டார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன். நாங்கள் மூவரும் கையெழுத்திட்டுக் காப்பாற்றுவதாகச் சொன்ன எண் அது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். தேர்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தாங்க சார் அந்த ஒன்பது" என்றார் மாமா, எழுந்து நின்று. "அதே நெய்ச்சோறுதான். எங்க தங்கச்சி வீட்டுல சாப்புட்டேன்."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அளவும் மத்தவங்க சாப்பிட்ட அதே அளவுதானே?" என்றார், இப்போது சிரித்துக்கொண்டு.

"அதே அளவுதான் சார்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். கிண்ணம் பிடித்தவள் நானல்லவா?

மாமாவுக்குப் பக்கத்திலிருந்து, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து, நஸ்ரினின் அம்மாவின் குரல் வந்தது.

"இல்லீங்க சார். அந்தப் பிள்ள உள்ள போன பெறகு, ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டாக."

நூலகத்தில் நஸ்ரினின் ஆய்வேடு இருக்கிறது, நான்காம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். அட்டவணைக்குக் கீழே, தேர்வாளர் சேர்க்கச் சொன்ன அடிக்குறிப்பு ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும்: 'ஒன்பதாம் எண்: உணவின் அளவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்.'